கண்ணாடிக்கு அடியில்

1950 கோடைக்காலம். நியூயார்க் நகரத்துக்குக் கிழக்கே, லாங் ஐலண்டின் கடைக்கோடியில் ஸ்பிரிங்ஸ் என்றொரு சிற்றூர். ஹான்ஸ் நமுத் என்ற புகைப்படக்காரர் அங்கே ஜாக்சன் போலாக்கின் வீட்டுக்குப் போகிறார். அவர் ஓவியம் வரைவதைப் படமெடுக்க முன்கூட்டியே பேசிவைத்திருந்த நாள். போய்ச் சேர்ந்தால் போலாக் கையை விரிக்கிறார். படம் முடிந்துவிட்டது, எடுக்க ஒன்றுமில்லை என்கிறார். வந்தது வந்தோம், இடத்தையாவது பார்த்துவிட்டுப் போவோம் என்று வீட்டை ஒட்டியிருந்த பழைய கொட்டகைக்குள் நுழைகிறார்கள். தரை முழுக்க ஈரம் காயாத ஒரு பெரிய கான்வாஸ். யாரும் பேசவில்லை. போலாக் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பிறகு சட்டென்று பெயிண்ட் டப்பாவையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு கான்வாஸைச் சுற்றிவர ஆரம்பிக்கிறார். நமுத் கேமராவைத் தூக்குகிறார்.

நமுத் பின்னாளில் தானே எழுதிவைத்த சம்பவம் இது. பொதுவாக இதை ஒரு சந்தோஷமான கதையாகத்தான் சொல்வார்கள். மேதைக்கு ஆவேசம் வந்தது, அதிர்ஷ்டசாலியான கேமராக்காரர் பக்கத்திலேயே இருந்தார் என்று. எனக்கோ ஒவ்வொரு முறை படிக்கும்போதும் அந்த ஈரக் கான்வாஸ்தான் உறுத்துகிறது. அது முடிந்திருந்ததா இல்லையா? முடிந்திருந்தது என்றால், கேமரா வந்ததால் ஒரு முடிந்த படம் மறுபடி திறக்கப்பட்டது. முடியவில்லை என்றால், வந்தவரைத் திருப்பி அனுப்ப ஓவியர் ஒரு சின்னப் பொய் சொன்னார், பிறகு அந்தப் பொய்யில் அவராலேயே நிற்க முடியவில்லை. மூன்றாவதாக ஒன்றும் இருக்கலாம்: உள்ளே வந்து பார்த்தபோதுதான் குறை தெரிந்திருக்கலாம். ஆனால் அதுவும்கூட பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கண் இருந்ததால் தெரிந்த குறைதானே?

போலாக்கைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. கான்வாஸைச் சட்டத்தில் அடித்து நிறுத்தாமல் தரையில் விரித்து, வீட்டுச் சுவருக்கும் கதவுக்கும் அடிக்கிற பெயிண்டைக் குச்சியாலும் விறைத்துப்போன தூரிகையாலும் மேலிருந்து சொட்டவிட்டு, ஊற்றி, வீசி வரைந்தவர். 1949 ஆகஸ்டில் 'லைஃப்' பத்திரிகை, அமெரிக்காவில் உயிரோடிருக்கும் ஓவியர்களில் இவர்தான் ஆகப்பெரியவரா என்று பாதிக் கேலியும் பாதி வியப்புமாகக் கேட்டது. நமுத் ஜெர்மனியில் பிறந்து நியூயார்க் வந்து சேர்ந்தவர். அவருக்கு முதலில் போலாக்கின் ஓவியங்கள் பிடிக்கவே இல்லை. அலெக்ஸி பிரோடோவிச் என்ற அவருடைய ஆசிரியர்தான், இந்த ஆள் முக்கியமானவர், போய்ப் பார் என்று தள்ளிவிட்டார். அந்தக் கோடையிலும் அதற்கடுத்த மாதங்களிலும் நமுத் 500க்கும் மேற்பட்ட புகைப்படங்கள் எடுத்தார். கொட்டகையில் வெளிச்சம் குறைவு. அதனால் பல படங்களில் போலாக்கின் கை ஒரு மங்கலான வீச்சாகத்தான் பதிந்திருக்கிறது. இன்று போலாக் என்றதும் நம் மனதில் எழுவது அவருடைய ஓவியம் இல்லை. கறுப்புச் சட்டை, வாயில் சிகரெட், குனிந்த முதுகு, வீசுகிற கை. அந்த உருவம் நமுத்திடமிருந்து நமக்கு வந்தது.

கலைஞர்களை அவர்கள் வேலை செய்யும் இடத்தில் படமெடுப்பது சரியா என்று கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். இதில் என்ன சரி, என்ன தவறு? அனுமதி வாங்கித்தானே எடுக்கிறார்கள்? போலாக்கும் அனுமதி கொடுத்தார். அவருடைய மனைவி லீ கிராஸ்னர், அவரும் ஓவியர், இந்தப் படங்களால் போலாக்குக்கு நல்லது நடக்கும் என்று நம்பி ஊக்கம்தான் கொடுத்தார். ஒருத்தர் கையையும் யாரும் முறுக்கவில்லை. ஆனாலும் சம்மதம் என்பது வாசலில் கொடுக்கிற பொருள். 'உள்ளே வா, எடுத்துக்கோ' என்று சொல்கிறவருக்கு, உள்ளே தனக்கு என்ன ஆகப்போகிறது என்று அந்த நிமிடத்தில் தெரியாது. தெரியாத ஒன்றுக்கு எப்படிச் சம்மதம் தர முடியும்? எனக்குப் பிடிபடாத இடம் இதுதான்.

ஸ்டுடியோ என்பதை நாம் கலைஞர் படைக்கும் இடம் என்று நினைக்கிறோம். அதைவிட, கலைஞர் வீணாக்கும் இடம் என்று சொல்வது சரியாக இருக்கும். காகிதம், வண்ணம், களிமண், ஒரு முழு நாள், சில சமயம் ஒரு முழு வருடம், எல்லாவற்றையும் யாருக்கும் கணக்குச் சொல்லாமல் வீணாக்கலாம். ஃபிரான்சிஸ் பேகன் 1992இல் இறந்தபோது அவருடைய லண்டன் ஸ்டுடியோ குப்பைமேடாகத்தான் இருந்தது. 1998இல் டப்ளினில் உள்ள ஹியூ லேன் கேலரி அந்த அறையை அப்படியே பெயர்த்துக் கொண்டுபோனது. சுவர், கதவு, தூசி உட்பட. 7000க்கும் மேற்பட்ட பொருள்களுக்கு எண் போட்டு அட்டவணை செய்தார்கள். அதில் சுமார் 100 கான்வாஸ்கள் பேகன் தன் கையாலேயே கத்தியால் கிழித்துப் போட்டவை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. வேண்டாம் என்று ஒருவர் தெளிவாகக் கத்தியால் எழுதிவைத்த பிறகும் அதற்கு ஓர் எண் கொடுத்துப் பாதுகாக்கிறோம். ஆய்வாளர்களுக்கு அது புதையல், மறுக்கவில்லை. எனக்கென்னவோ அந்த 100 கான்வாஸ்களை நினைத்தால் அடுத்தவர் டைரியைத் திறந்தது போல் இருக்கிறது.

*

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் தொழிலில் ஹைசன்பக் என்று ஒரு சொல் உண்டு. புரோகிராமில் எங்கோ ஒரு பிழை. எங்கே என்று பார்க்க நடுவில் ஒரு பிரிண்ட் வரியைச் சேர்ப்போம். சேர்த்ததும் பிழை காணாமல் போய்விடும். வரியை எடுத்தால் மறுபடி வந்து நிற்கும். பேய், பிசாசு ஒன்றுமில்லை. அந்த ஒரு வரி ஓடுவதற்கு ஆகும் சில மைக்ரோ விநாடிகள், இரண்டு வேலைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் தருணத்தைத் தள்ளிப்போட்டுவிடுகின்றன, அவ்வளவுதான். (ஹைசன்பர்க் சொன்னது இது இல்லை என்று இயற்பியல் படித்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். பெயர் வைத்தது எங்கள் ஆட்கள், விட்டுவிடுங்கள்.)

பார்ப்பதற்கு ஒரு விலை உண்டு என்பதை நாங்கள் இப்படித்தான் கற்றுக்கொள்கிறோம். பார்க்கும் முறைகளுக்குள்ளும் வித்தியாசம் இருக்கிறது. ஒரு முறையில், ஓடிக்கொண்டிருப்பதை ஓடவிட்டு, நடுநடுவே கண நேரம் எட்டிப் பார்ப்போம். முழுதாக ஒன்றும் தெரியாது. ஆனால் ஓட்டம் பெரிதாகக் கெடாது. இன்னொரு முறையில், பிரேக்பாயிண்ட் வைத்து ஓட்டத்தையே நிறுத்துவோம். நிறுத்தி, உள்ளே என்ன மதிப்பு இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, மறுபடி ஓடவிடுவோம். எல்லாம் தெரியும். ஆனால் தெரிவது, நிறுத்தப்பட்ட ஒன்றைப் பற்றி.

நமுத்தின் புகைப்படங்கள் முதல் வகை. மங்கலான வெளிச்சத்தில் ஓரமாக நின்று எட்டிப் பார்த்தவை. பிரச்சினை அதோடு நிற்கவில்லை. நமுத்துக்குத் திரைப்படம் எடுக்க ஆசை வந்தது. முதலில் சிறிய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று எடுத்தார். பிறகு பால் ஃபால்கென்பெர்க் என்பவருடன் சேர்ந்து வண்ணப் படம். கொட்டகைக்குள் அதற்குத் தேவையான விளக்குகள் போடப் பணமில்லை. அதனால் போலாக் வெளியே வர வேண்டியதாயிற்று. வெட்டவெளியில், பகல் வெளிச்சத்தில், கேமராவுக்காக வரைய வேண்டியதாயிற்று. படத்தின் ஆரம்பத்தில் அவர் பெயிண்ட் தெறித்த பழைய ஷூவை எடுத்து மாட்டுகிறார். தினமும் யாரும் பார்க்காமல் செய்யும் காரியம். அதை முதன்முறையாக ஒரு காட்சியாகச் செய்கிறார்.

வரையும்போது முகமும் தெரிய வேண்டும், விழும் வண்ணமும் தெரிய வேண்டும். இதற்கு நமுத் கண்டுபிடித்த வழியை நினைத்தால் பொறாமையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. கான்வாஸுக்குப் பதில் கண்ணாடி. கண்ணாடியை உயர்த்தி வைத்து, அதற்கு அடியில் நமுத் மல்லாந்து படுத்துக்கொண்டு மேல்நோக்கிப் படமெடுக்கிறார். போலாக் மேலே நின்று கூழாங்கல், சிப்பி, கம்பிவலை, நூல் என்று கண்ணாடியில் பரப்பி அதன்மேல் வண்ணத்தை ஊற்றுகிறார். பார்க்கிற நாம் ஓவியத்தின் இடத்தில் படுத்திருக்கிறோம். நம் முகத்தின் மேலேயே வண்ணம் விழுகிறது. இதைவிடப் பக்கத்தில் யாராலும் போக முடியாது.

வரைந்துகொண்டிருந்த போலாக் ஒரு கட்டத்தில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறார். முதல் கண்ணாடியோடு தனக்கிருந்த தொடர்பு விட்டுப்போனது என்று படத்தின் பின்னணிக் குரலில் அவரே சொல்கிறார். பத்து நிமிடம் ஓடும் அந்தப் படத்தில் எனக்கு ஆகப் பிடித்த இடம் அது. நியாயமாகப் பார்த்தால் அந்தத் துண்டை நமுத் வெட்டி எறிந்திருக்கலாம். எறியாததற்காக அவரை மதிக்கிறேன். தொடர்பு ஏன் விட்டுப்போனது என்று மட்டும் படம் சொல்வதில்லை. அவருடைய கண்ணுக்கும் ஓவியத்துக்கும் நேர் கீழே ஒரு லென்ஸ் படுத்திருந்தது என்பதைச் சொல்லவும் வேண்டியதில்லை.

ஸ்கிரீன் ஷேரில் நான்கு பேர் பார்த்துக்கொண்டிருக்கக் கோட் எழுதியவர்களுக்கு இதில் ஒரு சின்னப் பங்காவது புரியும். தனியாக உட்கார்ந்திருக்கும்போது அபத்தமாக ஒன்றை முயன்று பார்ப்போம். காரணம் எல்லாம் கிடையாது, சும்மா ஒரு மோப்பம். பத்தில் ஒன்பது முறை குப்பைக்குப் போகும். பத்தாவதுதான் சில சமயம் வழி. நான்கு பேர் பார்க்கும்போது கை அந்தப் பக்கமே போகாது. விளக்கம் சொல்லக்கூடியதை மட்டும் செய்வோம். செய்வதற்கு முன்பே விளக்கம் வாய்க்கு வந்துவிடும். பார்க்கப்படும்போது வேலை கெட்டுப்போகிறது என்று சொல்ல மாட்டேன். பல நேரம் ஒழுங்காகத்தான் இருக்கும். அகலம் மட்டும் குறைந்துபோகும். போலாக் போன்ற ஒருவருக்கு, விளக்கம் சொல்ல முடியாததைச் செய்வதே முழுநேர வேலையாக இருந்தது. அவரிடம் போய், ரோல் தீர்ந்துபோச்சு, மாத்திக்கிறேன், கொஞ்சம் நில்லுங்க, இப்ப ஆரம்பிங்க என்று வாரக்கணக்கில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்?

என்ன ஆனது என்பது ஓரளவு தெரியும். 1950 நவம்பர் 25, சனிக்கிழமை. கடும் குளிர். கண்ணாடிக் காட்சிகள் அன்று முடிந்தன. வீட்டுக்குள் விருந்துக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். உள்ளே நுழைந்த போலாக் நேரே போய் விஸ்கியை ஊற்றினார். ஏறத்தாழ இரண்டு வருடமாகக் குடியைத் தொடாமல் இருந்தவர். சாப்பாட்டு மேசையில் அவருக்கும் நமுத்துக்கும் வாய்த்தகராறு. நான் போலி இல்லை, நீதான் போலி என்பதையே போலாக் திரும்பத் திரும்பச் சொன்னார் என்று அங்கிருந்தவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். கடைசியில், பரிமாறி வைத்திருந்த மொத்த மேசையையும் கவிழ்த்துவிட்டார். காபியை அடுத்த அறையில் சாப்பிடலாம் என்று கிராஸ்னர் விருந்தினர்களை எழுப்பி அழைத்துப் போனாராம்.

நமுத்தால்தான் போலாக் அழிந்தார் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. குடி அவருக்கு இளவயதிலிருந்தே இருந்தது. அதை நிறுத்த உதவிய உள்ளூர் மருத்துவர் அந்த வருடத் தொடக்கத்தில்தான் இறந்துபோயிருந்தார். அதன் பிறகு 1951இல் முக்கியமான கறுப்பு ஓவியங்களை வரைந்தார், பின்னர் மெல்ல மெல்ல நின்றுபோனார், 1956 ஆகஸ்ட் 11 அன்று குடித்துவிட்டுக் காரோட்டி மரத்தில் மோதி இறந்தார். உடன் வந்த இளம்பெண் ஒருவரும் இறந்தார். ஆறு வருடத்துக்கு முந்தைய ஒரு கேமராவின் மேல் இதையெல்லாம் தூக்கிப்போடுவது சோம்பேறித்தனம். ஆனால் அந்த ஒரு சொல்லை என்னால் கடக்க முடியவில்லை. எத்தனையோ வசை இருக்க, ஏன் 'போலி'? திருடன் என்றோ தொல்லை என்றோ சொல்லவில்லை. வாரக்கணக்காகத் தன்னைத் தானே நடித்துக் காட்டிய ஒருவருக்கு, அன்றைக்கு மாலை எது நடிப்பு, எது தான் என்ற கோடு அழிந்திருக்க வேண்டும். அந்தச் சொல் முதலில் தன்னைத்தான் தைத்திருக்கும். தாங்க முடியாமல் அதை எதிரில் இருந்தவர் மேல் எறிந்திருக்கிறார்.

*

இதே கேள்வியை வேறு மாதிரி கையாண்ட ஒரு சம்பவம் பாரிஸில் நடந்தது. 1943, ஜெர்மானியர்களின் ஆக்கிரமிப்புக் காலம். பிரஸ்ஸாய் என்ற புகைப்படக்காரர் பிக்காஸோவின் ஸ்டுடியோவுக்குப் போய் அவருடைய சிற்பங்களைப் படமெடுத்து வந்தார். ஒருநாள் காட்சி அழகாக அமைய வேண்டும் என்று பிக்காஸோவின் வீட்டுச் செருப்பைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். பிக்காஸோ கண்ணில் அது பட்டுவிட்டது. படம் வேடிக்கையாக இருக்கும், ஆனால் இது ஆவணம் இல்லை என்றார். ஏனென்றால் தான் செருப்பை ஒருபோதும் அப்படி விடுவதில்லை, இது உன் அடுக்கல், என்னுடையது இல்லை என்று. பிரஸ்ஸாய் இதைத் தன் புத்தகத்தில் தானே பதிவுசெய்திருக்கிறார். தன்னைப் பற்றிய குட்டு ஒன்றை இவ்வளவு சிரத்தையாக எழுதிவைத்தவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

செருப்பை நகர்த்தினால் என்ன குடி முழுகிப்போகிறது என்று தோன்றலாம். பிக்காஸோ போன்ற கேமராப் பிரியர், மாட்டு முகமூடி போட்டுக்கொண்டுகூடப் போஸ் கொடுப்பவர், செருப்புக்காகச் சண்டை பிடிப்பது கொஞ்சம் சிரிப்பாகவும் இருக்கிறது. ஆனால் அவர் சொன்ன வித்தியாசம் மிகச் சரியானது. தானாக நடிப்பது அவர் உரிமை. அவர் நடிக்காத இடத்தில், அவருக்காக இன்னொருவர் அடுக்குவதுதான் கூடாது. நமுத் விஷயத்தில் எனக்கு உறுத்துவதும் இதுதான். பார்த்தது தவறில்லை. பதிவுசெய்ததும் தவறில்லை. வெளிச்சத்துக்காக வெளியே வரச் சொன்னதும், கான்வாஸைக் கண்ணாடியாக மாற்றியதும், இன்னொரு முறை என்று கேட்டதும்தான். ஸ்டுடியோவுக்குள் போகிற புகைப்படக்காரர் தர வேண்டிய விலை ஒன்று உண்டென்றால், அது வெறுங்கையோடு திரும்பத் தயாராக இருப்பது. படம் முடிந்துவிட்டது, எடுக்க ஒன்றுமில்லை என்று முதல் நாள் சொன்னபோது, சரி, அடுத்த முறை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு நமுத் திரும்பியிருக்கலாம்.

அப்படித் திரும்பியிருந்தால்? இங்கே என் வாதத்துக்கு நானே குழி பறிக்க வேண்டியிருக்கிறது. 1998இல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் போலாக்கின் பெரிய கண்காட்சி நடந்தது. அதற்காக பெபே கார்மெல் என்ற ஆய்வாளர் நமுத்தின் புகைப்படங்களையும் பிலிம் துண்டுகளையும் கணினியில் ஒன்றோடொன்று பொருத்தி, ஓவியங்கள் அடுக்கடுக்காக எப்படி உருவாயின என்று காட்டினார். குருட்டாம்போக்கில் தெறித்தது என்று நினைத்த கோடுகளுக்கு அடியில் உருவங்கள் போன்ற அமைப்புகள் இருந்திருக்கின்றன. பார்த்துப் பார்த்து மூடப்பட்டவை. சின்னக் குழந்தைகூட இப்படி வரையும் என்று எழுபது வருடமாகச் சொல்லிவருகிறவர்களுக்கு ஒழுங்கான பதில் அந்த 500 படங்களில்தான் இருக்கிறது. ஓவியருக்குக் கெடுதல் செய்த அதே படங்கள் ஓவியத்துக்கு நியாயம் செய்திருக்கின்றன. இதை எந்தப் பக்கம் வரவு வைப்பது?

எடுக்கப்படாத படங்களின் கணக்கும் இருக்கிறது. நமுத்தின் சில புகைப்படங்களில் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்து போலாக் வரைவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். லீ கிராஸ்னர். அந்த வருடங்களில் அவரும் வரைந்துகொண்டுதான் இருந்தார். வீட்டு மாடியில் ஒரு சின்னப் படுக்கையறையில். 'லிட்டில் இமேஜ்' என்று இன்று அழைக்கப்படும் அந்த ஓவியங்கள் அளவில் சிறியவை. அறை அவ்வளவுதான். அங்கே சுற்றிவர இடமில்லை, கை வீச இடமில்லை. கேமராவுக்குத் தீனி இல்லை. 1950இல் ஸ்பிரிங்ஸில் இரண்டு ஸ்டுடியோக்கள் இருந்தன. படமெடுக்கப்பட்டது ஒன்று. ஓவியம் என்பது ஒரு ஆண் உடம்பின் வீச்சு என்ற கதை அங்கிருந்து பரவியது. மாடியறையின் அமைதி கிராஸ்னரைக் காப்பாற்றியதா, புதைத்ததா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். யாரும் பார்க்காததால் அவர் யாருக்காகவும் நடிக்க வேண்டியிருக்கவில்லை. யாரும் பார்க்காததால் பல வருடம் இன்னாரின் மனைவியாகவே இருந்தார். போலாக் இறந்த பிறகு அவர் அந்தக் கொட்டகைக்கு இடம்பெயர்ந்தார். 1957இல் 'தி சீசன்ஸ்' வரைந்தார். அகலம் 5 மீட்டருக்கு மேல். மாடியறைக்குள் அந்தக் கான்வாஸை நுழைத்திருக்கவே முடியாது.

அந்தக் கொட்டகை இன்றும் இருக்கிறது. உள்ளே போக வேண்டுமானால் காலணியைக் கழற்றிவிட்டு அவர்கள் தரும் மெத்தென்ற செருப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும். தரையில் இருக்கும் வண்ணத் தெறிப்புகள் போலாக்குடையவை. சுவரில் இருப்பவை கிராஸ்னருடையவை. அவர் கான்வாஸைச் சுவரில் மாட்டி வரைந்தவர்.

*

நம் பக்கத்தில் இந்தப் பார்வை விஷயத்தை எப்படி யோசித்தார்கள் என்று தேடியபோது ஆனந்த குமாரசுவாமியிடம் போய் நின்றேன். இடைக்காலச் சிங்களக் கலை பற்றி அவர் 1908இல் வெளியிட்ட பெரிய நூல், கண்டிப் பகுதிக் கைவினைஞர்களைப் பற்றியது. அதன் புகைப்படங்களில் பெரும்பாலானவை அவருடைய அப்போதைய மனைவி எதெல் எடுத்தவை. இலங்கையின் பௌத்த மரபில் புத்தர் உருவத்துக்குக் கண் எழுதுவது கடைசி வேலை. வேறு யாரும் உடனிருந்து பார்க்கக் கூடாது. எழுதுகிறவரே நேராகப் பார்ப்பதில்லை. உருவத்துக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்துத் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி எழுதுகிறார். முடிந்ததும் அவர் கண்ணைக் கட்டி வெளியே கூட்டிவருவார்கள். நம் கோயில்களிலும் கண் திறப்பு கடைசியில் வருவதுதான்.

அந்த ஒரு தருணத்துக்கு இத்தனை காவல். மற்றபடி வேலை எல்லாம் திறந்த வெளியில். மாமல்லபுரத்தில் சாலையோரக் கல்பட்டறைகளைப் பார்த்திருப்பீர்கள். உளிச் சத்தம் பஸ்ஸுக்குள் கேட்கும். யார் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம், ஃபோட்டோ எடுக்கலாம், ஒருத்தரும் ஏன் என்று கேட்பதில்லை. ஆக, படைப்பு என்றாலே மறைவில்தான் நடக்க வேண்டும் என்பதில்லை. எது மறைவு, எது வெளி என்பதைச் செய்கிறவர் தீர்மானிக்க வேண்டும். அந்த உரிமையை முற்றாகக் கையில் வைத்துக்கொண்ட நவீனக் கலைஞர் என்றால் பிரான்கூசியைச் சொல்லலாம். ஸ்டீக்லிட்ஸ் போன்ற ஜாம்பவான் எடுத்த படமே அவருக்குத் திருப்தி இல்லை. அழகான படம், ஆனால் என் சிற்பம் இது இல்லை என்றார். மான் ரேயின் உதவியோடு ஒரு கேமரா வாங்கி, இருட்டறை அமைத்து, தன் ஸ்டுடியோவைத் தானே படமெடுக்கத் தொடங்கினார். ஃபோகஸ் இல்லாத, கீறல் விழுந்த, வெளிச்சம் கூடிக் குறைந்த படங்கள். மான் ரே தலையில் அடித்துக்கொண்டார். பிரான்கூசி அசையவில்லை.

பார்க்கிறவரும் பார்க்கப்படுகிறவரும் ஒரே ஆள். பிரான்கூசிக்கு அது விடுதலையாக இருந்தது. இன்று அது கிட்டத்தட்ட எல்லாருக்கும் கட்டாயம். படம் வரைகிறவர்கள் டிரைபாடில் ஃபோனை மாட்டித் தங்களைத் தாங்களே எடுத்துப் போட வேண்டியிருக்கிறது. போடாவிட்டால் வேலை வராது. யோசித்துப் பார்த்தால் போலாக்குக்கு ஒரு வசதி இருந்தது. கத்துவதற்கு எதிரில் ஒரு நமுத் இருந்தார். கவிழ்ப்பதற்கு ஒரு மேசை இருந்தது. தானே நமுத்தாகவும் இருக்கிற ஒருவர் யாரைப் போலி என்று கத்துவது?

என் தோழி ஒருத்தி சென்னையில் குழந்தைகள் புத்தகங்களுக்கு வாட்டர்கலரில் படம் வரைகிறாள். காலையில் வரைவாள். அப்போது ஃபோன் வேறு அறையில், பீரோவுக்குள். சாயங்காலம் முடிந்த படத்தை மேசையில் வைத்து, ரிங் லைட்டைப் போட்டு, டிரைபாடை நிறுத்தி, ஒரு பிரஷ்ஷைக் கையில் எடுத்துப் படத்தின்மேல் மெல்ல ஓட்டுவாள். பிரஷ்ஷில் தண்ணீரும் இல்லை, வண்ணமும் இல்லை. காகிதத்துக்கு ஒரு நூல் உயரத்தில் போய்வரும். ரீலில் பார்த்தால் அப்போதுதான் அந்த யானைக்குக் காது முளைப்பதுபோல் இருக்கும்.

இது ஏமாத்து இல்லையா என்று கேட்டேன்.

"படத்துக்கு ஒண்ணும் ஆகலை இல்ல? அப்புறம் என்ன?" என்றாள்.

பிக்காஸோ இதை ஆவணம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார். செருப்பு முழுக்க முழுக்க நகர்த்தப்பட்ட செருப்புதான். ஆனால் 1950இல் அந்தக் கொட்டகையில் ஈரக் கான்வாஸ் முன்னால் நின்ற ஆளைவிட இவளுக்கு ஒன்று தெரிந்திருக்கிறது. கேமரா கேட்டால் முடிந்த படத்தைத் திறந்துதான் காட்ட வேண்டும் என்பதில்லை. இந்தப் பொய்யை நான் நியாயம் என்றே வைத்துக்கொள்கிறேன், முழு நிம்மதியோடு இல்லாவிட்டாலும். அவளைப் பார்த்து வரையக் கற்றுக்கொள்கிற பதினாறு வயதுப் பிள்ளை ஒன்று இருந்தால், யானைக்குக் காது ஒரே இழுப்பில் வந்துவிடும் என்றுதானே நம்பும்? அவள் கிழித்துப்போட்ட ஏழெட்டு யானைகள் எந்த ரீலிலும் இல்லை. இதைச் சொன்னபோது அவள் பதில் பேசவில்லை, பிரஷ்ஷைத் துடைக்கப் போனாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. ரீலுக்கென்றே வைத்திருக்கும் பிரஷ் அது, புதுசு, ஒருமுறைகூட வண்ணத்தில் தோய்த்ததில்லை. அவளுடைய ஒவ்வொரு ரீலின் கீழும் யாராவது ஒருத்தர் கேட்கிறார்கள், அக்கா, அது என்ன பிரஷ், எங்கே கிடைக்கும் என்று.